உங்களுக்குத் தெரியுமா?
பசித்த ராட்சசன் பாட்டுக்கு மயங்கினான்

இரத்தம் குடிக்கும் இளைஞன், தன்னோடு படிக்கும் பெண்ணின் மீது காதல் கொண்டு பசியோடு போராடும் கதை ‘ட்வைலைட்’. 2005இல் ஸ்டெஃபனி மேயர் எழுதிய இந்நாவல் 2008இல் திரைப்படமானது. பசி தோற்கும் கதை நம் மண்ணிலும் உண்டு.

● திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடி. ஏகாதசி இரவில் அவ்வூர்ப் பெருமாளான நம்பியைப் பாடித் துயிலெழுப்பக் கிளம்பிய பாணர் நம்பாடுவானைப் பிரம்மராட்சசன் மறித்துப் பிடித்தான். அவனுக்கோ பல நாள் பசி.

● “பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு என்னைத் தின்னலாம்” என்று 18 சத்தியங்கள் செய்தார் நம்பாடுவான். பிடி தளர்ந்தது.

● பாடிவிட்டுத் திரும்பும் வழியில் கிழவர் வடிவில் வந்த பெருமாளே “தப்பி ஓடிவிடு” என்று சொல்லிப் பார்த்தார். நம்பாடுவான் கேட்கவில்லை, சொன்னபடி வந்து நின்றார்.

● ராட்சசன் அவரைத் தின்ன மறுத்தான். பாட்டின் பலனைத் தரும்படி கெஞ்சினான். கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைப் பெற்று, ராட்சச நிலை நீங்கப் பெற்றான்.

● வராக புராணம் சொல்லும் இக்கதை, கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் நாடகமாக நடிக்கப்படுகிறது. வழக்கொழியும் நிலையில் இருந்த இந்நாடகம் 1999இல் புத்துயிர் பெற்றது.

● கைசிக இரவுக்கு ஒருமுறை திருக்குறுங்குடி சென்று வாருங்கள். கொடுத்த வாக்கைக் காப்பவன் முன்னால் கொடும்பசியும் தோற்கும் என்பதை நேரில் காணலாம்.