சேவை செய்யப் போனவருக்கு விற்பனை இலக்கு: காப்புறுதி அழைப்பு மையங்களில் நெருக்கடி

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசத் தெரிந்த நம் இளையோருக்குக் காப்புறுதி நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஏற்ற வேலையிடம். ஆனால், வேலை விளம்பரத்தில் 'சேவை' என்று மட்டும் இருந்தாலும், சில இடங்களில் பணியில் சேர்ந்த பிறகு மாதாந்திர விற்பனை இலக்கும் தலையில் ஏறுகிறது.

மருத்துவ அட்டை பற்றி விசாரிக்க அழைப்பவரிடம் கூடுதல் திட்டத்தை விற்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் பாலிசியை ரத்து செய்யக் கேட்பவரைப் பேசி நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வோர் அழைப்பையும் சில நிமிடங்களில் முடிக்கவும் வேண்டும். விளக்கிச் சொன்னால் நேரம் போகிறது. சொல்லாமல் விற்றால் பிறகு புகார் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்குபவர் ஊழியர்தான்.

இதில் பெரிய ஆபத்து, பழைய மருத்துவக் காப்புறுதியை விட்டுப் புதியதற்கு மாறச் சொல்வது. புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் மீண்டும் தொடங்கும். பொதுவாக நோய்களுக்கு 30 நாள். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்கு 120 நாள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாதுகாப்பே கிடைக்காமல் போகலாம். "சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்ல வேண்டாம்" என்று யாராவது கூறினால் அதை நம்பக் கூடாது. மறைத்தது தெரிந்தால், மருத்துவமனையில் படுத்திருக்கும் வேளையில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

நிதிப் பயனீட்டாளர்களை நியாயமாக நடத்துவது பற்றி பேங்க் நெகாரா 2019-இல் விதிமுறை வெளியிட்டது. வாடிக்கையாளருக்குப் பொருந்தாததை விற்கத் தூண்டும் ஊக்கத்தொகை முறை அந்த நோக்கத்துக்கே எதிரானது.

ஊழியர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. நியமனக் கடிதத்தில் விற்பனை இலக்கு இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்க வேண்டும். பிறகு இலக்கு மாறினால் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைச் சட்டப்படி, 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரம். இலக்கை எட்டவில்லை என்று வேலையை விட்டு நீக்குவதென்றால், முன்கூட்டியே எச்சரித்து, திருத்திக்கொள்ள அவகாசம் தந்திருக்க வேண்டும் என்பது தொழிலியல் நீதிமன்றம் பின்பற்றும் நெறி. நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் வழி அடைபடும்.

வாடிக்கையாளர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. தொலைபேசியிலேயே "சரி" சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லி, வீட்டில் படித்தவர் ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவெடுக்கலாம். ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த 15 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, கட்டிய பணத்தைக் கேட்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு இருந்தால் அது மட்டும் கழிக்கப்படும்.

புகாரை முதலில் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால், 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. பேங்க் நெகாராவின் தொலைபேசி எண் 1-300-88-5465.

அழைப்பவரிடம் கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. இலக்கை வைத்தது அவரல்ல. "வேண்டாம், நன்றி" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம்.