அம்மாவின் தாலாட்டும் நான் அரைத்த மாவும்

2024-ஆம் வருடம் ஆவணி மாதம் என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புண்ணியாகவாசனம் முடிந்த மறுநாள் சேலத்திலிருந்து போன் செய்தாள்.

"சித்தி, அம்மாச்சி தாலாட்டுப் பாடின கேசட்டை நீங்கதானே கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்க? எனக்கு அனுப்புங்களேன். பாப்பாவுக்குப் போடணும்."

எனக்கு உள்ளூரப் பெருமை. குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவள்' என்று பெயர் வாங்கியவளாயிற்றே! சமையலை முடித்த கையோடு தேடி எடுத்து அனுப்பிவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் மறுபடி அவளிடமிருந்து போன்.

"சித்தி, இது அம்மாச்சி குரல்தானா? கிணத்துக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கே!"

நானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது உண்மைதான். குரல் மங்கி, 'ச'வும் 'ஸ'வும் ஒன்றோடொன்று குழைந்து, நீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. அம்மா 2010-ல் போய்விட்டாள். அவள் குரல் இருக்கும் ஒரே பதிவு அது. அதை அந்தக் கதிக்கு ஆளாக்கியது வேறு யாருமில்லை, நானேதான்!

நடந்ததைச் சொல்கிறேன். 1988-ல் என் தம்பி கைக்குழந்தை. அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அம்மா பாடியதைப் பதிவு செய்தார். பக்கத்துக்கு 30 நிமிஷம் ஓடும் 60 நிமிஷக் கேசட். அம்மா போன மறு வருஷம் அதை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக்கி வாங்கி வந்தேன். 2013-ல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பையனிடம் கேட்டுக் கேட்டு நானும் கற்றுக்கொண்டேன். அப்போது என் போனில் இருந்தது 2 ஜி.பி. மெமரி கார்டு. அதில் பாதி கல்யாணப் போட்டோக்கள். சி.டி.யிலிருந்த பாட்டோ 600 எம்.பி. இடம் கேட்டது. 'எம்.பி.3' ஆக மாற்றினால் சுருங்கும் என்று எங்கேயோ படித்தேன். மாற்றும்போது 32, 64, 128, 192, 320 என்று எண்கள் வரிசையாக நின்றன. இருப்பதிலேயே சின்னது 32. அதையே தட்டினேன். 600 எம்.பி. 14 எம்.பி. ஆகிவிட்டது! சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சி.டி. எதற்கு இனிமேல்? மாடித் தோட்டத்தில் கிளிகள் தக்காளியைக் கொத்துகின்றன என்று அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் பளபளத்தது. கிளிகள் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தன.

கம்ப்யூட்டரில் புதிதாகக் கை வைக்கும் சகோதரிகள் யாரும் இப்படி ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேசட் நாடாவில் ஒலி தொடர்ச்சியாகப் பதிந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே ஒலியை அது பொடிப் பொடித் துண்டுகளாக அளந்து எழுதிக்கொள்கிறது. சி.டி.க்கு ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். அதுவும் இடது பக்கத்துக்குத் தனி, வலது பக்கத்துக்குத் தனி. ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. ஆவது இதனால்தான். அளந்ததை அளந்தபடியே வைத்திருக்கும் ஃபைலுக்கு 'வேவ்' என்று பெயர். இது நெல் மூட்டை மாதிரி. இடத்தை அடைக்கும், ஆனால் குறை ஒன்றும் இராது.

எம்.பி.3 அப்படியல்ல. நம் காதில் விழாது என்று தோன்றுவதை எல்லாம் தள்ளிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும். மிக்ஸி ஓடும்போது குழாய் சொட்டுவது நமக்குக் கேட்கிறதா? இல்லையே. குழாய் என்னவோ சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மாதிரி, பெரிய சத்தத்துக்குப் பின்னால் ஒளியும் சின்ன சத்தங்களை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். ஜெர்மனியிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தாருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இந்தப் பெயர் ஃபைலின் வாலில் ஒட்டியது 1995-ல். அதில் உழைத்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானி, சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் தம் முறையைச் செப்பனிட்டார். தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து முழங்கினால் எத்தனையோ குறை மறைந்துவிடும். ஒற்றைப் பெண் குரலில் எதை மறைப்பது? இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா பாடியதும் பக்கவாத்தியம் இல்லாமல்தானே!

அந்த 32, 64 எல்லாம் ஒரு வினாடிப் பாட்டுக்கு எவ்வளவு அளந்து போடுவது என்ற கணக்கு. 'பிட் ரேட்' என்பார்கள். 128 என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்.பி. ஆகும். பேச்சுக்கு அது தாராளம். பாட்டுக்கு 192 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 320-ல் பெரும்பாலோருக்கு சி.டி.க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. நான் போட்ட 32, குழந்தைக்குக் கரண்டி நுனியில் தொட்டு வைத்தது போல.

சரி, தப்பு செய்தாயிற்று, திரும்ப 320 ஆக்கிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். ஆக்கியும் பார்த்தேன். 14 எம்.பி. 144 எம்.பி. ஆகப் பருத்தது, குரல் மட்டும் அதே கிணற்றுக் குரல். அரிசியை மாவாக்கலாம். மாவை அரிசியாக்க முடியுமா? எதிர்வீட்டுப் பெண் எனக்குச் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது: "நீர்மோரை அண்டால ஊத்தினா தயிராயிடுமா அக்கா?"

அவள்தான் 'ஃப்ளாக்' என்ற இன்னொரு வகையையும் சொல்லிக் கொடுத்தாள். இதுவும் சுருக்கும், ஆனால் எதையும் தள்ளாது. பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. பிரித்தால் ஜரிகை குறையாமல் அதே புடவை. வேவில் பாதியளவு அல்லது சற்றுக் கூடுதலாக இடம் பிடிக்கும். பொக்கிஷமாக வைக்க வேண்டியதற்கு வேவ் அல்லது ஃப்ளாக், போனிலும் காரிலும் கேட்க எம்.பி.3 என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஆப்பிள் போனில் பதிவு செய்தது 'எம்4ஏ' என்று இருக்கும்; வாட்ஸ்அப்பில் வரும் பேச்சு 'ஓபஸ்' என்று இருக்கும். இவற்றைப் பழைய கார்ப் பெட்டிகள் பலவும் பாடாது. பாட்டு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். அதற்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு மாமி, ஃபைலின் பெயரில் கடைசியிலிருந்த எம்4ஏ-வை அழித்துவிட்டு எம்.பி.3 என்று எழுதிவிட்டு, "மாத்திட்டேன், அப்பவும் கார்ல பாடலையே" என்றார். மிளகாய்ப்பொடி டப்பாவில் மல்லிப்பொடி என்று சீட்டு ஒட்டினால் காரம் போய்விடுமா?

முறையாக மாற்றுவதற்கு நான் உபயோகிப்பது 'வி.எல்.சி.' என்ற இலவச ப்ரோகிராம். சினிமா பார்க்க வைத்திருப்பீர்களே, அதேதான். திறந்ததும் மேலே இடது கோடியில் 'மீடியா' என்றிருக்கும். அதைத் தட்டினால் இறங்கும் வரிசையில் 'கன்வெர்ட்/சேவ்' என்பதைத் தட்டுங்கள். 'ஆட்' என்ற பொத்தானை அழுத்திப் பாட்டைக் காட்டிவிட்டு, கீழே மறுபடி 'கன்வெர்ட்/சேவ்'. அடுத்து வரும் கட்டத்தில் 'ப்ரொஃபைல்' என்ற இடத்தில் எம்.பி.3 என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஸ்பானர் போலச் சின்னப் படம் ஒன்று இருக்கும். அதற்குள் போனால் பிட் ரேட்டை மாற்றலாம். 'ப்ரௌஸ்' தட்டிப் புதுப் பெயர் கொடுத்து 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டியதுதான். புதுப் பெயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய பெயரையே கொடுத்தால் மூலத்தின் மேலேயே எழுதி, கையிலிருந்ததும் போய்விடும். மாற்றி முடிந்ததும் ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் போட்டுக் கேளுங்கள். மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லும் இன்டர்நெட் பக்கங்களும் இருக்கின்றன. சினிமாப் பாட்டென்றால் போகட்டும்; வீட்டுப் பெண்களின் குரலை முகம் தெரியாத இடத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். சி.டி.யை மாடியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். பதினோரு வருஷ வெயிலிலும் மழையிலும் பூச்சு உரிந்து, கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். "ஏண்டி, கேசட்டே எங்கிட்ட இருக்கே! அப்பா டிரங்குப் பெட்டியில இருந்துது. துணிக்கு நடுவுல வெச்சிருக்கேன்." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சேலம் போய் நானே வாங்கி வந்தேன். கேசட் போடும் பெட்டி எதிர்வீட்டில் கிடைத்தது. அந்தப் பெண் பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்டு அதன் ஹெட்டைத் துடைத்தாள். பஞ்சு கரேலென்று ஆயிற்று. வேண்டாத ஒரு பழைய பாட்டுக் கேசட்டை முதலில் ஓடவிட்டு, நாடாவை இழுத்து மென்றுவிடவில்லை என்று பார்த்துக்கொண்டோம். பிறகுதான் அம்மாவின் கேசட். அதை ஒரு தடவை கோடி வரை சுற்றி, திரும்பச் சுற்றிக்கொண்டு வந்தோம். இத்தனை வருஷம் அசையாமல் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கலாமாம்.

டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர். அதன் மறு நுனி, கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன சவுண்ட் கார்டில். கம்ப்யூட்டரில் 'ஆடாசிட்டி' என்ற இலவச ப்ரோகிராம். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதிவாகும். பாடும்போது பக்கத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கும். அது கோடியைத் தொட்டால் குரல் கரகரக்கும், அதற்குச் சற்றுக் கீழேயே நிறுத்த வேண்டும். முடிந்ததும் வெறும் 'சேவ்' கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அது ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும் குறிப்பு. ஃபைல் பகுதியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து வேவ் என்று எழுதினால்தான் மற்ற எங்கும் பாடும். இரைச்சலை நீக்கும் வசதியும் அதில் உண்டு. லேசாகப் போட்டுப் பார்த்தோம். இரைச்சலோடு அம்மா மூச்செடுக்கும் ஓசையும் போயிற்று. வேண்டாம், 'உஸ்'ஸென்று இரைந்தாலும் இரையட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் பக்கத்தில் 20 நிமிஷத் தாலாட்டும் முழுசாகக் கிடைத்தது. இரண்டாம் பக்கம் திருப்பினோம். ஆரம்பமே சரியில்லை. நாடா அந்த இடத்தில் கசங்கி, மடிந்து, விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு பக்கத்தின் முடிவும் மறு பக்கத்தின் ஆரம்பமும் நாடாவில் ஒரே இடம்தானே. முதல் பக்கக் கடைசி காலியாக இருந்ததால் அங்கே தெரியவில்லை. அந்த ஆறு நிமிஷத்தில்தான் அப்பா, "இன்னொண்ணு பாடு" என்று கேட்பதும், "போதும், நிறுத்துங்க" என்று அம்மா சிரிப்பதும் இருந்தன. அது இனி என் 32-ல் மட்டும்தான்.

ஃப்ளாக் ஒன்று என் கம்ப்யூட்டரில், ஒன்று தனிப் பென்டிரைவில், ஒன்று தம்பி வீட்டில். 192-ல் எம்.பி.3 செய்து எல்லோருக்கும் அனுப்பினேன். அக்கா மகள் அன்றைக்கே கூப்பிட்டாள். "சித்தி, நடுநடுவுல வளையல் சத்தம் கேக்குது!" தொட்டிலை ஆட்டும்போது அம்மாவின் கண்ணாடி வளையல் கட்டையில் படுகிற சத்தம் அது. பழையதில் அது இருந்த இடமே தெரியவில்லை.

அந்த ஆறு நிமிஷத்தையும் தனியாக வெட்டி அனுப்பியிருக்கிறேன். பெயர் கேட்டது கம்ப்யூட்டர். '32' என்றே எழுதினேன்.