உங்களுக்குத் தெரியுமா? சம்பூரில் எழாத புகைபோக்கி

திருகோணமலையில் கொட்டியாரக் குடாவின் ஓரம், சம்பூரில், 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று எழுந்திருக்க வேண்டும். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி. மின் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய திட்டம் அது. ஒப்பந்தப் பேச்சு நடந்த அதே 2006-இல்தான் போர் சம்பூர் மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது. பலர் 2015-இலோ அதற்குப் பிறகோதான் சொந்தக் காணியை மிதித்தார்கள்.

2016-இல் என்விரோன்மென்டல் பவுண்டேஷன் என்ற கொழும்பு அமைப்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டது. அந்தச் செப்டம்பரில் அரச தரப்பு, சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதில்லை என்று மன்றில் சொல்லிவிட்டது. வென்றது வென்றதுதான். ஆனால் நிலக்கரி கூடுமா கூடாதா என்று நீதிபதிகள் எழுதிய தீர்ப்பு கிடைக்கவில்லை. நாளை இன்னோர் ஊர் வழக்காடப் போனால், சம்பூரை முன்தீர்ப்பாகக் காட்ட முடியாது.

சுற்றாடலைக் காக்க வேண்டும் என்று இலங்கை அரசியலமைப்பின் 27(14) உறுப்புரை அரசுக்குச் சொல்கிறது. இரண்டே உறுப்புரை தள்ளி 29-ஐப் பாருங்கள்: இதைக் காட்டி எவரும் நீதிமன்றம் போக முடியாது! அதனால் சட்டத்தரணிகள் 12(1), சமத்துவ உரிமை என்ற பக்கவாசலால் நுழைகிறார்கள். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு அந்த வழியால் போனதுதான். 2019-இல் அந்த மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் வழக்கு இரு பக்கமும் பாயும். கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தச் சொல்லி மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள் போட்ட வழக்கில், அதுவும் மாசுதான் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. 2022-இல் மேற்கு வர்ஜீனியா வழக்குப் போட்டு, மின்நிலையங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் அதிகாரத்தையே குறுக்கிவிட்டது. கட்டுப்பாடு இருந்தால்தானே எதிர்த்து வழக்காட? இங்கே நாம் இன்னும் கட்டுப்பாடு கேட்கும் கட்டத்தில் நிற்கிறோம்.

மீண்டும் சம்பூருக்கு வருவோம். 2025 ஏப்ரலில் மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் காணொளி வழியாகத் தொடக்கிவைத்தது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தை. பங்காளிகள் பழையவர்களே.

புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கை 2021-இல் உறுதியளித்தது. அது ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்கு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது.