வளர்த்தவர் வெளியே போனால் கிளி எச்சத்தை அடக்கிக்கொள்வது ஏன்? எப்படி?

நெல் முற்றும் காலத்தில் சாகாமத்து வயல்களின்மேல் கிறீச்சிட்டுத் திரியும் பச்சைக்கிளிகள் பறந்தபடியே எச்சமிடுவதைக் கண்ட நீங்கள், அதே ஜாதிக் கிளியொன்று, வளர்த்தவர் கல்முனைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை அடக்கியிருந்து, அவரைக் கண்டதும் ஒருசேரக் கழிப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட மாட்டீர்களா?

கூண்டில் விரித்த தாளைக் குனிந்து பாருங்கள்: பச்சைச் சுருள் மலம், வெண்பசை சிறுநீரகம் பிரித்த கழிவு, சுற்றியுள்ள ஈரம் சிறுநீர்.

கிளிக்குச் சிறுநீர்ப்பை இல்லை. பல வாய்க்கால்கள் வந்து கூடும் குளத்துக்கு ஒரே மடை இருப்பதுபோல, குடலும் சிறுநீர்க் குழாய்களும் ஒரே அறையில் முடிய, அதன் வாயைத் தசை வளையமொன்று காக்கிறது. பகலில் அந்த மடை அடிக்கடி திறக்கும். சரீரம் கனத்தால் பறப்பது சிரமமன்றோ? இரவிலோ மூடியே கிடந்து, விடிந்ததும் பெரிய எச்சமாகப் பாயும். அடைகாக்கும் பெட்டையும் மணிக்கணக்கில் அடக்கும்.

ஆகவே அடக்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. எப்போது திறப்பது என்பதையே மனிதர் பழக்குகிறார். தினமும் ஒரே சொல்லைச் சொல்லி, கழித்ததும் கொஞ்சினால், கிளி அச்சொல்லுக்காகக் காத்திருக்கப் பழகுகிறது. அவர் இல்லாதபோது சொல்லும் இல்லை.

இதைப் பாசமென்று மகிழ்ந்துவிடாதீர்கள். நெடுநேரம் அடக்குவது அவ்வறையை நலியச் செய்யும். ஆளுக்கன்றி இடத்துக்குப் பழக்குவதே உத்தமம். தனிமையில் இரை எடுக்காத கிளியும் குறைவாகவே கழிக்குமாதலால், தாள் சுத்தமாயிருந்தால் முதலில் தீனிக் கிண்ணத்தைப் பாருங்கள்.