விளையாட்டில் விளையும் சிந்தனை

மட்டக்களப்பு வாவிக்கரையில் தென்னம்பாளையைத் தோணியாக்கி மணலில் தள்ளிச் செல்லும் நான்கு வயதுப் பிள்ளை, பெரியவர் கண்ணுக்குப் பொழுதுபோக்குவதாகத் தோன்றினாலும், மனித அறிவின் மிகக் கடினமான படிகளுள் ஒன்றையே ஏறிக்கொண்டிருக்கிறது. கண்முன் இல்லாத ஒன்றை வேறொரு பொருளால் மனத்தில் நிறுத்தும் இவ்வாற்றல் குறியீட்டுச் சிந்தனை எனப்படும். எழுத்தும் எண்ணும் இதன்மேலேயே எழுகின்றன. ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரை வலுப்பெறும் இதனை விரிவாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) ஆவார். அகன்ற பாத்திரத்து நீரை ஒடுங்கிய குவளையில் ஊற்றினால் நீர் கூடிவிட்டதாக இப்பருவத்துப் பிள்ளை கூறும் என்றும், 7 வயதளவில்தான் அளவு மாறவில்லை எனக் காரணத்தோடு விளக்கும் என்றும் அவர் காட்டினார். அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த ரஷ்ய அறிஞர் லெவ் வைகொட்ஸ்கியோ, தனித்துச் செய்ய இயலாததைப் பிறர் துணையுடன் செய்யக்கூடிய எல்லையை அண்மை வளர்ச்சி வலயம் என அழைத்து, கற்றல் அங்கேதான் நிகழ்கிறது என்றார்.

பிறரின் இத்தகைய துணையும் அதற்கு வேண்டிய அச்சமற்ற சூழலும் இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அரிதாயின. இடையறாத அச்சம், கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் செயல் நினைவைக் குலைப்பதால், அறிவுக்கூர்மை மிக்க பிள்ளையும் வகுப்பில் பின்தங்கக்கூடும். இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இணைந்து 1996இல் மட்டக்களப்பில் உருவாக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒருங்கே அழைத்து, களிமண்ணையும் வண்ணங்களையும் கதையையும் நாடகத்தையும் அவர்கள் கைகளில் ஒப்படைத்தது. ஆற்றுப்படுத்தலே அதன் நோக்கமாயினும், சொல்ல இயலாததை உருவமாக்கி, பின் அதனைக் கதையாக்கிப் பிறருக்குச் சொல்லும் பிள்ளை, சிந்தனை வளர்ச்சிக்கு வேண்டிய பயிற்சியையும் அங்கே பெற்றது என்பது அப்பூங்காவின் பெருஞ்சிறப்பாகும். இக்கோணத்தில் அப்பூங்கா இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

போர் 2009இல் முடிந்தது. ஆயினும், விளையாடிச் சிந்திக்கும் நேரம் பிள்ளைகளுக்குத் திரும்பவில்லை: ஏறத்தாழ 10 வயதில் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக, தொட்டும் எண்ணியும் பிரித்தும் பார்த்தே காரணம் அறியும் பருவத்துப் பிள்ளைகள், மாலை வேளைகளை ரியூசன் வகுப்புகளில் மாதிரி வினாத்தாள்களுடன் கழிப்பது வேதனைக்குரியது. வினாத்தாளுக்கு விடை சொல்லும் வேகம் அங்கே கூடலாம். அந்த விடை ஏன் சரி என்று கேட்கவோ, தவறு செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளவோ நேரம் எஞ்சுவதில்லை.