நதிக்கு விட்ட இடம்

திருநெல்வேலி குறுக்குத்துறையில், தாமிரபரணி ஆற்றின் நடுவே பாறையில் எழுந்தருளியிருக்கிறார் முருகப் பெருமான். வெள்ளம் வரும் வேளைகளில் உற்சவ மூர்த்தியையும் கோயில் பொருள்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுசென்று விடுவார்கள். மூலவர் நீருக்குள்ளேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றையும் மணலையும் கழுவிவிட்டு, மீண்டும் பூஜையைத் தொடங்குவார்கள். நீர் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோல் கட்டப்பட்டிருப்பதால், வெள்ளம் இரண்டாகப் பிரிந்து கோயிலைக் கடந்து போகிறது.

இதைக் கட்டியவர்கள், ஆண்டில் சில நாள்கள் நதி இங்கே வரத்தான் செய்யும் என்று அறிந்தே கட்டினார்கள். நமது படித்துறைகளும் அத்தகையவையே. கோடையில் கடைசிப் படியிலும் ஐப்பசியில் மேல்படியிலும் நின்று நீராடலாம். ஆற்றங்கரை மண்டபத்துக்குச் சுவர் இல்லை. நீர் புகுந்தாலும் தூண்களுக்கிடையே ஓடிப்போய்விடும். வெள்ளத்தைத் தாங்கக்கூடிய வயலும் தோப்பும் நந்தவனமும் ஆற்றை ஒட்டி இருந்தன.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்நதியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. அவை நீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களை நிரப்பும். மிகுந்த நீர் அணைக்கட்டின் மேலேயே வழிந்து ஆற்றோடு செல்லும். நதி, கால்வாய், குளம், வயல், கோயில் ஆகிய அனைத்தையும் ஒருசேர எண்ணிச் செய்த ஏற்பாடு இது. இன்று இதைத்தான் ‘மண்டலத் திட்டமிடல்’ என்கிறார்கள்.

வங்கிப் பணியில் வீட்டுக்கடன் விண்ணப்பங்களோடு வரும் மனைப்பிரிவு வரைபடங்களைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஆறு ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக இருக்கும். அந்தக் கோடு கோடைக்கால ஆறு. மழைக்காலத்து ஆறு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு வரைபடத்தில் அடையாளமே இராது. காலியாகத் தெரியும் அந்த இடம் நதியினுடையது என்பதை வாங்குகிறவரும் அறியார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நதி தன் இடத்தைத் தானே காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலும் வெள்ளம் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுபோயிற்று. அத்தனை மழைக்கு எந்த ஊரும் நனையாமல் தப்பியிராது. எனினும் பரவுவதற்கு இடமிருந்தால் வெள்ளத்தின் உயரமும் வேகமும் குறையும் என்பது உறுதி.

ஓர் ஊர் மட்டும் இதைச் செய்ய முடியாது. மேலே கரையை நெருக்கினால் கீழேயுள்ள ஊரில் நீர் ஏறும். தென்காசிப் பக்கத்திலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆகவே தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே வரைபடம் வேண்டும். அதில் வெள்ளம் பரவும் எல்லை வரையப்பட வேண்டும். அந்த எல்லைக்குள் வயல், தோப்பு, திறந்தவெளி மட்டுமே இருக்கலாம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இத்தகைய மண்டலத் திட்டங்களுக்கு இடம் தருகிறது. நகரங்களுக்கான முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, பொதுமக்கள் தம் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

இங்கே பெரியோர்களுக்கு ஒரு கடமை உண்டு. 1992 நவம்பர் வெள்ளம் எந்தத் தெருவரை வந்தது, எந்த மண்டபத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்பது உங்கள் நினைவில் இருக்கும். எந்த வயலுக்கு நடுவே பழைய வாய்க்கால் ஓடியது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். வரைபடம் வரைகிற இளைஞர்களுக்கு அந்தச் செய்தி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. கோயிலில் சந்திக்கும்போது நான்கு பேர் கூடி அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஊருக்குரிய திட்டக் குழும அலுவலகத்தில் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

நதியைத் தாயென்று வணங்கி ஆரத்தி எடுக்கிறோம். மஞ்சளும் குங்குமமும் சாற்றுகிறோம். அவள் வந்து போவதற்கு வேண்டிய இடத்தை விட்டுவைப்பதும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே.