உங்களுக்குத் தெரியுமா? நான்கு கோபுர தூரம், ஒரே தாவல்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 192 அடி. அப்படி நான்கு கோபுரங்களைப் படுக்கவைத்தால் வரும் தூரத்தை ஒரே தாவலில் கடந்தவர் ஸ்லோவேனியாவின் நிகா பிரெவ்ட்ஸ். 2025 மார்ச்சில், நார்வேயின் விக்கர்சுண்ட் பனிச்சறுக்குத் தாவல் சரிவில், 236 மீட்டர்! கையில் ஊன்றுகோல் கிடையாது. காலில் மாட்டிய நீண்ட பனிச்சறுக்குக் கட்டைகளை ‘வி’ வடிவில் விரித்து, உடம்பை முன்னால் சாய்த்து, காற்றின் மேலேயே படுத்து மிதக்க வேண்டும்.

‘ஸ்கை ஜம்பிங்’ எனப்படும் இந்த விளையாட்டில் ஆண்கள் 1924 முதலே ஒலிம்பிக்கில் இருக்கிறார்கள். பெண்களுக்கோ 2014 வரை இடமில்லை, தொண்ணூறு ஆண்டுகள்! இதில் பெரிதும் இழந்தவர் அமெரிக்காவின் லிண்ட்சே வேன். 2010 ஒலிம்பிக்குக்காகக் கனடாவின் விஸ்லரில் கட்டிய சிறிய சரிவில், ஆண்களையும் மிஞ்சி 105.5 மீட்டர் தாவிச் சாதனையை வைத்திருந்தார். 2009-இல் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியனும் அவரே. ஆனாலும் அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு அனுமதி இல்லை. தோழிகளோடு நீதிமன்றம் போனார். இது பாகுபாடுதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனால், போட்டிகளை முடிவு செய்வது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். கதவு திறந்தது 2014-இல், ரஷ்யாவின் சோச்சியில். அங்கே முதல் தங்கம் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட்டுக்கு. அப்போது 29 வயதான லிண்ட்சேக்குக் கிடைத்தது 15-ஆவது இடம்.